நிலாவுக்கு ஒத்திகை பார்த்த கல்: சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சித்தம்பூண்டி, குன்னமலைப் பெரியவர்களுக்கும், அண்ணன்மார் அக்காமாருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். நான் உங்களுக்கு அசலூர்க்காரன் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம்தான். 27 வருசம் போர்வெல் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவன். பைப் மாட்டுகிற பையனாக ஏறினேன், டிரில்லராக இறங்கினேன். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, கடைசி ஏழெட்டு வருசம் நம்ம பக்கத்துத் தோட்டங்களிலேயே போர் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் காடுகளுக்கும் வந்திருக்கிறேன். உங்களில் சிலர் வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் காட்டில் கிடக்கிற வெள்ளைக்கல்லைப் பற்றி உங்கள் கிராம சபையில் ஒரு தீர்மானம் வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று சபை கூடும்போது பேசினால் நல்லது. அதற்கு எட்டு நாள் கழித்து ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாள். என்ன தீர்மானம் என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கல் எனக்கு எப்படிப் பழக்கமானது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. மேலே வருகிற தூள்தான் சொல்லும். முதலில் செம்மண் வரும், அப்புறம் சுக்கான், அப்புறம் கெட்டிப் பாறை. கருங்கல் என்றால் சாம்பல் நிறத்தில் புகை மாதிரி எழும்பி, பக்கத்து வாழைத் தோட்டம் வரைக்கும் படியும். டிரில்லர் அடிக்கொரு தரம் அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்ப்பான். நிறம் மாறினால் பாறை மாறியிருக்கிறது. விரலில் ஒட்டினால் ஈரம் பக்கத்தில் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் சொல்லிவிடும்.

உங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் போட்டபோது வந்த தூள் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. கோலமாவு மாதிரி வெளுப்பு. நடுநடுவே கறுப்புப் பொடி வரும், திரும்ப வெள்ளை வரும். தோட்டத்துப் பாட்டி ஒருவர் ஒரு கைப்பிடி அள்ளி, "ஏப்பா, இதுல கோலம் போடலாமாட்ட இருக்குதே" என்றார். சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தோம். எனக்கு அன்றைக்கு இருந்த கவலை, பாறையைத் துளைக்கிற பிட் தேய்கிறதே என்பது மட்டும்தான்.

இதற்கெல்லாம் வெகுநாள் கழித்து, 2023 ஆகஸ்ட் 23. அன்று சாயங்காலமும் நாங்கள் ஒரு தோட்டத்தில்தான் இருந்தோம், வேறு ஊர். ஐந்தே முக்காலுக்கு எங்கள் வண்டியில் இருந்த சத்தீஸ்கர் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, சந்திரயான்" என்றான். கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் கம்ப்ரசரை நிறுத்துவது எங்கள் வழக்கம் இல்லை. தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே போன், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தலைகள். எல்லோர் தலையிலும் கல்தூள். ஆறு மணி நாலு நிமிடத்துக்கு விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கியது. அந்தப் பையன் குதித்த குதியில் போன் மண்ணில் விழுந்துவிட்டது. அவன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் பேசிக்கொள்வது பாதித் தமிழ், பாதி இந்தி. அன்று இரண்டும் தேவைப்படவில்லை.

தோட்டக்காரரின் பேத்தி, ஆறாவது படிக்கிற பிள்ளை, எங்களையும் எங்கள் தூளையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, நிலாவுலயும் போர் போட்டா இந்த மாதிரிதான் தூள் வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "வரும் கண்ணு" என்று சும்மா சொல்லிவிட்டேன். அந்த வாரத்தில்தான் பேப்பரில் உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். சித்தம்பூண்டி, குன்னமலை. நிலாவில் இறங்குவதற்கு ஒத்திகை பார்த்த மண் நாமக்கல் மாவட்டத்து மண் என்று போட்டிருந்தது. நான் படித்ததை இரண்டு தரம் படித்தேன். கோலமாவு மாதிரி இருந்த அந்தத் தூள்! அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். சிறுபிள்ளைகளுக்காகவும், வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களுக்காகவும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நிலாவில் ஒரு வண்டியை இறக்க வேண்டும் என்றால், அதன் கால் எந்த மண்ணில் ஊன்றும், சக்கரம் எவ்வளவு புதையும், சரிவில் ஏறுமா சறுக்குமா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும். அதற்கு நிலா மண் மாதிரியே ஒரு மண் தேவை. அமெரிக்காவில் விற்றார்கள், அப்போது கிலோ 150 டாலர் என்று இஸ்ரோவில் இருந்த மயில்சாமி அண்ணாதுரை ஐயா சொல்லியிருக்கிறார். தேவைப்பட்டதோ கிலோ கணக்கில் இல்லை, டன் கணக்கில். ஐம்பது டன் என்று வைத்துக்கொண்டாலே 75 லட்சம் டாலர். அந்த நேரத்தில்தான் புவியியல் படித்தவர்கள் நம்ம பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சித்தம்பூண்டிப் பாறையில் அனார்தோசைட் என்கிற வெளுப்பான பாறை வகை இருக்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நிலாவின் மேட்டு நிலங்களில் நிறைந்திருப்பதும் அதே வகைப் பாறைதான். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்ஐடி, இஸ்ரோவின் பெங்களூர் மையம் எல்லாம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பாறையை வெட்டி, உடைத்து, அரைத்து, நிலா மண்ணில் எந்த அளவுப் பொடி எவ்வளவு இருக்கிறதோ அதே கணக்கில் கலந்தார்கள். நம்ம ஊர் கிரஷரில் எம் சாண்ட் எப்படி வருகிறது என்று பார்த்த ஆளுக்கு இந்த வேலை புரியும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே சலிப்பது கட்டடத்துக்கு, அங்கே சலித்தது மாவைவிட நைசான பொடிவரைக்கும் கணக்குப் பார்த்து. அந்த மண்ணுக்கு 2020இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பி அதன்மேல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான். அதனால் வண்டியை ஹீலியம் பலூன் கட்டி மேலே இழுத்துப் பிடித்து, எடை குறைந்த மாதிரி செய்து ஓட்டினார்கள். நினைத்துப் பாருங்கள், உங்கள் காட்டுக் கல், அதன்மேல் ஆறு சக்கர வண்டி, அதன்மேல் பலூன்.

சந்திரயான்-2இன் விக்ரம் 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விழுந்து நொறுங்கியபோது நானும் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை. நாலு வருசத்தில் அதே மாதிரி ஒன்று போய்ப் பத்திரமாக இறங்கியது.

சென்ற தை மாதத்தில் உங்கள் ஊருக்கு வந்தேன். வேலைக்கு இல்லை, கல்லைப் பார்க்க. பரமத்திப் பக்கமிருந்து டூவீலரில் வந்து, ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டே, "நிலாவுக்கு ஒத்திகைக்குப் போன கல்லு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன் முழித்தான். பத்தாவது படிக்கிற வயசு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான், "அட, இங்கெல்லாம் அதேதானுங்க" என்று கையைச் சுற்றிக் காட்டினார். அந்தக் கை காட்டின திசை எல்லாப் பக்கமும். ஊரே அதன்மேல்தான் இருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

ஒரு வாய்க்கால் கரையில் கைக்கு அடங்குகிற துண்டு ஒன்றை எடுத்தேன். வெயிலில் திருப்பினால் மணிமணியாகப் பளபளக்கிறது, கல்கண்டை உடைத்த மாதிரி. வெள்ளைக்குள் கறுப்புக் கீற்றுகள், ஒரே திசையில் சாய்ந்து ஓடுகின்றன. கொஞ்சம் தள்ளி வேறொரு கல்லில் கறுப்பு அதிகம், வெள்ளை கோடு கோடாக. வெள்ளையாக இருப்பது ஃபெல்ஸ்பார், கறுப்பு வேறு தாதுக்கள், சில இடங்களில் குரோமைட் என்கிற தாதுவின் அடுக்கும் உண்டு. நான் தூளாக மட்டும் பார்த்த கல்லை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

இந்தப் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயசு. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல ஆறி, பிறகு அழுத்தத்திலும் சூட்டிலும் புழுங்கி, மேலே வந்தது. நிலாவின் கல் வேறு விதமாகப் பிறந்தது. நிலா உருவான புதிதில், 450 கோடி வருசத்துக்கு முன்னால், அதன் மேற்பரப்பு முழுக்கவே உருகிய பாறைக் கடலாக இருந்தது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. பால் காய்ந்து ஆறும்போது ஆடை மேலே படிகிற மாதிரி, அந்தக் கடல் ஆறியபோது எடை குறைந்த வெள்ளைத் தாது மேலே மிதந்து வந்து உறைந்தது. எடை கூடினது அடியில் போயிற்று. நாம் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற நிலாவில் வெளுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் பெரும்பாலும் அந்த ஆடைதான். முயல் மாதிரி, பாட்டி மாதிரி கறுப்பாகத் தெரிகிற இடம் பிற்பாடு பொங்கி வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 போய் இறங்கியது கறுப்பான சமவெளியில். அள்ளி வந்த மண்ணும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் கொஞ்சம் கிடந்தன. ஜான் வுட் என்ற விஞ்ஞானி அந்தத் துணுக்குகளை வைத்து, இது தூரத்து மேட்டிலிருந்து தெறித்து வந்த துகள், அப்படியானால் மேடெல்லாம் இந்தக் கல்தான், அப்படியானால் நிலாவே ஒரு காலத்தில் உருகிக் கிடந்திருக்கிறது என்று போனார். கை நிறையக் கறுப்புத் தூளில் நாலு வெள்ளைப் பொட்டைப் பார்த்து அடியில் என்ன பாறை என்று சொல்வது டிரில்லர் வேலைதானே? 1971இல் அப்பல்லோ 15இல் போன ஸ்காட்டும் இர்வினும் கைக்கு அடங்குகிற ஒரு வெள்ளைக்கல்லையே எடுத்து வந்தார்கள். அதற்கு ஆதிக்கல் என்கிற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம்ம சந்திரயான்-3இன் பிரக்யான் வண்டி சங்கதிக்கு வருகிறேன். இதற்கு முன்னால் யாரும் இறங்காத தென்பகுதியில், 69 டிகிரி தெற்கில், 26 கிலோ எடையுள்ள அந்தச் சின்ன வண்டி நூறு மீட்டருக்குச் சற்று மேல் ஓடியது. போகிற வழியில் 23 இடத்தில் நின்று, எக்ஸ்-கதிர்க் கருவியை இறக்கி, மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்தது. 2024 ஆகஸ்டில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அந்த முடிவுகளை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அங்கே இருந்த மண் பெரும்பாலும் அனார்தோசைட் வகை. பாறைக் கடல் கணக்கு தென்பகுதிக்கும் பொருந்துகிறது.

அதாவது, உங்கள் ஊர்க் கல்லின் பொடியில் ஒத்திகை பார்த்த வண்டி, நிலாவுக்குப் போய், அதன் உறவுக்கல்லையே தொட்டுப் பார்த்துச் செய்தி அனுப்பியிருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், போர்க்காரன் என்பதால். விக்ரமில் ஒரு குச்சி மாதிரியான கருவி இருந்தது. அதன் வேலை மண்ணுக்குள் இறங்கிச் சூடு பார்ப்பது. எவ்வளவு ஆழம்? பத்து சென்டிமீட்டர். ஆயிரம் அடி போடுகிற எங்களுக்கு அது கணக்கிலேயே வராது. ஆனால் அந்த நாலு விரல்கடை ஆழத்தில் கிடைத்த செய்தியைக் கேளுங்கள். மேலே 50 டிகிரிக்கு மேல் வெயில் காய்கிறது, எட்டு சென்டிமீட்டருக்குக் கீழே மைனஸ் பத்து. நிலா மண் அவ்வளவு லேசாக, அவ்வளவு பொலபொலவென்று சூட்டைக் கடத்தாமல் கிடக்கிறது. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் காட்டில் நடந்த நமக்கு, காலடியில் அரை ஜாண்கூட இல்லாத ஆழத்தில் பனிக்கட்டிக் குளிர் என்றால் எப்படி இருக்கும்!

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "நிலா மண் நம்ம ஊரில் இருக்கிறது" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அது நிலா மண் இல்லை. நிலாக் கல்லுக்கு உறவுக்கல். வயசில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். நிலாவின் கல்லில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. நம்ம கல்லின் கறுப்புத் தாதுவுக்குள் தண்ணீரின் கூறு கட்டுண்டு கிடக்கிறது. நிலாவில் காற்றும் மழையும் இல்லாததால் ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மை மழுங்காமல் இருக்கிறது. இங்கே ஓடையில் கிடக்கிற கல்லெல்லாம் உருண்டு திரண்டது. இந்த வித்தியாசங்களைச் சொல்லிக் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்கு இரண்டு உலகமும் புரியும். அப்புறம், நிலா மண் என்று பொட்டலம் கட்டி விற்க யாராவது வந்தால் ஊருக்குள் விடாதீர்கள்.

இந்தக் கல்லுக்கு நிலாவுக்கு முன்பே ஒரு பெருமை உண்டு. இதே பாறையில் குருந்தக்கல் கிடைக்கும். மாணிக்கம் என்பது சிவப்புக் குருந்தம்தான். இங்கிலீஷில் அந்தத் தாதுவுக்குக் கொரண்டம் என்று பெயர். நம்ம குருந்தம்தான் அங்கே போய் அப்படி ஆனது. உலகம் முழுக்கப் புவியியல் வகுப்பில் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். பிளாட்டினம் தேடியும் புவியியல் துறையினர் உங்கள் பக்கம் வந்திருக்கிறார்கள். ஆக, கல்லைத் தெரிந்தவர்களுக்கு உங்கள் ஊர் ரொம்ப நாளாகத் தெரியும். உங்கள் டீக்கடைப் பையனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பையனைக் குறை சொல்லவில்லை. அவன் போனில் கருந்துளை வீடியோ பார்ப்பான், செவ்வாயில் மனிதன் குடியேறுவானா என்று கேட்பான். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வானத்தின் மேல் இருக்கிற ஆசை நம்ம காலத்தில் நமக்கு இருந்ததைவிட அதிகம். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் இஸ்ரோவின் யூடியூப்பில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள் என்றால் சும்மாவா? ஆனால் அந்த ஆசை போனுக்குள்ளேயே தொடங்கிப் போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கையில் தொட ஒன்றும் இல்லை. வெற்றி கிடைத்த நாளில் விஞ்ஞானிகள் பிறந்த ஊரையெல்லாம் டிவியில் காட்டுகிறார்கள், விழுப்புரம், செங்கோட்டை, கன்னியாகுமரி என்று. அது சந்தோஷம்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நம்ம தெருக்காரர் என்று ஒரு பிடிப்பு வரும். உங்கள் ஊரிலிருந்து போனது ஒரு கல். கல்லுக்கு டிவியில் பேட்டி கொடுக்கத் தெரியாது.

ஆசை கையில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். விக்ரம் 2019இல் விழுந்த இடத்தை நாசாவின் நிலவுக்கலம் படமெடுத்து வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர், வானியல் அவர் தொழில் இல்லை, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தேடினார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பினார். அது உடைந்த விக்ரமின் துண்டுதான் என்று நாசா அந்த டிசம்பரில் அறிவித்து, கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையும் போட்டது. படத்தில் ஒரு பொட்டு, மண்ணில் ஒரு துணுக்கு. பார்க்கப் பழகின கண் இருந்தால் போதும். உங்கள் பிள்ளைகளின் கண்ணைப் பழக்க, வீட்டு வாசலிலேயே கல் கிடக்கிறது.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன்.

ஊரில் வெள்ளையும் கறுப்பும் தெளிவாகத் தெரிகிற நல்ல பாறைத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பள்ளிக்கூட வாசலில் நிறுத்துங்கள். பாலிஷ் போட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், கம்பி வேலி வேண்டாம். பிள்ளைகள் தொட வேண்டும், ஏறி உட்கார வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் அறுத்து விட்டால் உள்ளே மணிமணியாக இருப்பது தெரியும். பக்கத்தில் தமிழில் ஒரு பலகை: இது என்ன கல், வயசு என்ன, எங்கே போனது, எதற்குப் போனது. தலைவர்கள் பெயரும் திறந்து வைத்த தேதியும் பலகையில் பாதியை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது என் வேண்டுகோள்.

அதோடு, பாறை மண்ணுக்கு மேல் நன்றாகத் தெரிகிற ஒரு சின்ன இடத்தை, அரை ஏக்கர் போதும், உடைக்காமல் விட்டுவைக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் புவியியல் துறைக்கும் சபையிலிருந்து எழுதுங்கள். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்லாகிப்போன மரங்களை அரசாங்கம் தேசியப் புவியியல் சின்னம் என்று காத்து வருகிறது. சென்னை பரங்கிமலையில் சார்னோக்கைட் பாறைக்குக்கூட அந்த மரியாதை உண்டு. பரங்கிமலைக் கல்லுக்கு உள்ள மரியாதை, நிலாவுக்கு ஒத்திகை பார்த்த கல்லுக்கும் கிடைக்கட்டும் என்று கேட்பதில் தப்பில்லை. கல் வெட்டிப் பிழைக்கிறவர்களின் வயிற்றில் நான் அடிக்கச் சொல்லவில்லை. நானும் பாறையைத் துளைத்துச் சாப்பிட்டவன்தான். எல்லாவற்றையும் கேட்கவில்லை, ஒரு மூலையைக் கேட்கிறேன்.

மூன்றாவது ஒன்று, காசே செலவில்லாதது. மண் எடுக்க வந்தபோது பார்த்தவர்கள், லோடு ஏற்றியவர்கள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் ஊரில் இருப்பார்கள். ஆகஸ்ட் 23 சாயங்காலம் அவர்களைப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்தக் காட்டில் எடுத்தார்கள், அன்றைக்கு என்ன என்று சொல்லி எடுத்தார்கள், அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று. ஒரு பிள்ளை அதைப் போனில் பதிவு பண்ணட்டும். பெரியவர்கள் போய்விட்டால் இந்தக் கதை பேப்பர் செய்தியாக மட்டும்தான் மிஞ்சும். அன்று ராத்திரி வானம் திறந்திருந்தால், நிலா இருந்தால், பிள்ளைகளை வெளியே நிறுத்தி, வெளுப்பு எது கறுப்பு எது என்று காட்டுங்கள். டெலஸ்கோப் வேண்டாம், வெறும் கண் போதும். பைனாகுலர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் பக்கம்தானே. புவியியல் படிக்கிற மாணவர்களைக் கூப்பிட்டால் ஒரு நாள் வந்து, பிள்ளைகளோடு காட்டில் நடந்து, சுத்தியலால் தட்டிக் காட்டமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்?

நிலாவுக்குச் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர். நாமக்கல் லாரி ஒன்று நாலைந்து வருசத்தில் ஓடிவிடுகிற தூரம். என் வாழ்நாளில் ரிக் வண்டியில் நானே போய்த் திரும்பியிருப்பேன். சந்திரயான்-4க்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்தத் தடவை அங்கேயிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரப்போகிறார்கள். அது வந்து சேருகிற நாளில் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று இஸ்ரோவுக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்: எங்கள் கல்லும் இங்கே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்களுக்கு ஒரு படம் அனுப்புவீர்களா என்று. அப்படிக் கேட்க அந்தப் பிள்ளைக்குக் கல்லைத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லைத் தூக்கி நிறுத்துவதற்கு ஆளையும் கிரேனையும் தேட வேண்டாம். என்னோடு ஓடின பசங்க இரண்டு பேர் இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கிறார்கள். பைப் ஏற்றி இறக்குகிற சப்போர்ட் லாரியில் செயின் பிளாக் இருக்கிறது, மூணு டன் வரைக்கும் தாங்கும். டீசல் எங்கள் செலவு. எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். முந்தின நாள் ராத்திரியே வந்து, பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
போர்வெல் வண்டியில் 27 வருசம் இருந்த
ஒரு திருச்செங்கோட்டுக்காரன்